செய்தது எவ்வளவு? எஞ்சியது எவ்வளவு?



பலர் கூடிச் செய்யும் வேலை எந்த அளவில் நிற்கிறது என்று அறிவது எங்ஙனம்? இதுபற்றிச் சிறிது பேச விழைகின்றேன். என் ஊர் உத்திரமேரூர். ஆகவே எங்கள் ஊர்க் கற்சுவரிலிருந்தே தொடங்குகின்றேன்.

வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919-ஐச் சார்ந்தது; மற்றொன்று 921-ஐச் சார்ந்தது. குடவோலை முறையை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். முப்பது குடும்புகள், சம்வத்சர வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர், பதவிக் காலம் 360 நாள். அது பிரமதேய ஊரொன்றின் சபை. எல்லோர்க்கும் அதில் இடமிருந்ததில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. தேர்வில் வினாவாக வருவது பெரும்பாலும் இவ்வளவே. ஆதலின் பலர் இதற்குமேல் படிப்பதில்லை.

ஆனால் 921-ஆம் ஆண்டுச் சாசனம் மேலும் பேசுகின்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருடைய பெயரையும், அவருக்கு நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதலாகாது. கணக்கெழுதுபவன் தன் கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, நேர்மையானவன் எனத் தேறினாலன்றி மறுபடியும் அவ்வேலையைப் பெறலாகாது. அவன் எழுதிய கணக்கை அவனே காட்டவேண்டும். அதை முடித்துக் கொடுக்க வேறொரு கணக்கனைக் கொண்டுவருதல் கூடாது.

இக்கடைசி விதியின் அருமையை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றில் பழைய நூலகக் கூடத்தைச் செப்பனிட்டோம். ஐந்து குழுக்கள். கணிப்பொறியில் விரிதாள் ஒன்று அமைத்து, குழுவுக்கு ஒரு வரிசை வகுத்தோம். சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு குழுவும் முடிந்த வேலையின் விழுக்காட்டை எழுத வேண்டும். அவ்வெண்களைத் திட்ட அட்டவணை மென்பொருளில் இட்டால், எந்த வேலை எந்நாளில் முடியும், எது தொடங்கலாம் என்பதெல்லாம் கோடுகளாக விரியும். ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய முறை அது. விரிதாளோ 1979-இல் விசிகால்க் என்ற மென்பொருள் வந்தபின் மேசைக் கணிப்பொறிகளில் பரவியது. நிற்க.

கூரைக் குழுவிடமிருந்து ஒரு வாரம் செய்தி வரவில்லை. அட்டவணையில் வெற்றிடம் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. முன்வாரம் 80 என்றிருந்தது. நானே 90 என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரமும் 90. அதற்கடுத்த வாரமும் 90. மென்பொருள் அதனை நம்பிப் புத்தகக் குழுவுக்கு நாள் குறித்தது. மாணவர்கள் புத்தகங்களைச் சுமந்து சென்று கூடத்தில் அடுக்கினர். எஞ்சிய பத்து விழுக்காடு எது தெரியுமா? முகட்டு ஓடு! ஐப்பசி மழை ஓரிரவு பெய்தது. மறுநாள் தாழ்வாரத்தில் மாணவியொருத்தி நில வரைபட நூலொன்றை ஏடேடாகப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாளேயன்றி, ஒன்றும் சொல்லவில்லை.

மென்பொருள் பிழை செய்யவில்லை. கொடுத்த எண்ணைக் கொண்டு ஒழுங்காகவே கணக்கிட்டது. விழுக்காடு என்பது போன உழைப்பைக் காட்டுமேயன்றி, வரப்போகும் இடையூற்றைக் காட்டுவதில்லை. ஒரு வேலை ஒருநாள் தாமதித்தாலும் முழுத்திட்டமும் ஒருநாள் தாமதிக்கும். அத்தகைய வேலைகளின் தொடரை 1950-களில் பொறியாளர் தனியே கணக்கிடக் கற்றனர். எங்கள் கூரை அத்தொடரில் இருந்தது, வண்ணப்பூச்சு இல்லை. இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்தது என் குற்றம்.

அடுத்த ஆண்டு ஆய்வுக்கூட வேலைக்கு விரிதாளை மாற்றினோம். விழுக்காட்டை நீக்கி, ‘எஞ்சியது என்ன’, ‘எந்நாளில் முடியும்’, ‘நேரில் கண்டவர் யார்’ என மூன்று பத்திகள் வைத்தோம். தெரியாவிடில் வெறுமையாக விடலாம். அக்கட்டம் சிவந்து நிற்கும். சிவப்புக்காக யாரையும் கடிவதில்லை என்று வாக்களித்தேன். கடிந்தால் மறுவாரம் எல்லாம் பச்சையாகிவிடும் என்பது நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டது.

முதற் சனிக்கிழமை, தச்சுக் குழுவின் பத்தாம் வகுப்பு மாணவன் தானே வந்து தன் வரிசையில் தட்டினான்: "கதவு வந்துவிட்டது. கீல் வரவில்லை."