‘சிங்கிள் சோர்ஸ்’: ஒரு எண் எப்படி ஒரு மதத்தின் முகமானது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு 2020-க்குப் போகப் போறோம். மார்ச் 31. தமிழ்நாட்டில் அன்று புதிதாக 57 பேருக்கு கொரோனா. அதில் 50 பேர் டெல்லி நிஜாமுதீனில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தவர்கள். அடுத்த நாள் 110 பேர். அத்தனை பேரும் அதே கூட்டத்தோடு தொடர்புடையவர்கள். அந்த இரண்டு நாளில் நம்ம வாட்ஸ்அப் குரூப்களில் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ‘கொரோனா ஜிஹாத்’ என்ற ஹேஷ்டேக் நாடு முழுக்க டிரெண்ட் ஆச்சு.

அந்த எண்கள் பொய்யில்லை. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா ஒரு உண்மையான எண்ணிலிருந்து ஒரு பொய்யான கதைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம்? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல, யார் இவங்க?

தப்லீக் ஜமாஅத் 1920-களில் டெல்லிக்குப் பக்கத்து மேவாத் பகுதியில் மௌலானா முகம்மது இல்யாஸ் தொடங்கிய இயக்கம். நோக்கம் ரொம்ப எளிமையானது: முஸ்லிம்களை ஒழுங்கான முஸ்லிம்களாக ஆக்குவது. கலிமா, தொழுகை, மார்க்க அறிவு, சக முஸ்லிமை மதிப்பது, தூய எண்ணம், இதற்காக நேரம் ஒதுக்குவது. மூணு நாள், நாற்பது நாள், நாலு மாசம்னு சொந்தக் காசில், சொந்தப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார்கள். போற ஊர் பள்ளிவாசலில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிடுவார்கள்.

இதில் முக்கியமான விஷயம், அவங்க அரசியல் பேச மாட்டாங்க. ‘சமூகப் பிரச்சினை எதையும் கண்டுக்காம தொழுகையை மட்டும் பேசறீங்களே’ன்னு மற்ற முஸ்லிம் அமைப்புகளே விமர்சிக்கிற அளவுக்கு விலகி நிற்பவர்கள். அந்த வருஷம் இந்தியாவின் மிகப் பெரிய அரசியல் செய்தியானது, அரசியலே வேண்டாம்னு இருந்த இந்த இயக்கம்தான்.

இப்போ தேதிகளை வரிசையா வைங்க. மார்ச் 13 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், ‘இது சுகாதார அவசரநிலை இல்லை, பதற வேண்டாம்’ என்றது. அந்த நாட்களில்தான் நிஜாமுதீன் கூட்டம். மார்ச் 16 அன்று 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று டெல்லி அரசு அறிவித்தது. 22-ல் மக்கள் ஊரடங்கு, ரயில் நின்றது. 24 இரவு முழு ஊரடங்கு அறிவிப்பு. வெளியேற வழியில்லாமல் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்பது மர்கஸ் தரப்பு விளக்கம்.

சரி, அவங்க மேல கேள்வியே இல்லையா? இருக்கு. பிப்ரவரி கடைசியில் மலேசியாவின் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் இதே இயக்கத்தின் கூட்டம் நடந்தது. சுமார் 16,000 பேர் கலந்துகொண்டார்கள். மார்ச் நடுவிலேயே அது தென்கிழக்கு ஆசியாவின் பெரிய தொற்று மையமாகிவிட்டது. அது தெரிந்த பிறகும் மூடிய கட்டடத்துக்குள் இத்தனை பேரை வைத்திருந்தது நியாயமான கேள்விதான்.

அந்தக் கேள்வியை இஸ்லாத்துக்கு உள்ளே நின்றே கேட்கலாம். கி.பி. 639 வாக்கில், கலீஃபா உமர் சிரியா நோக்கிப் போகிறார். அங்கே அம்வாஸ் கொள்ளைநோய் பரவியிருப்பதாக வழியில் தகவல். உமர் திரும்பிவிட முடிவு செய்கிறார். தளபதி அபூ உபைதா கேட்கிறார்: இறைவனின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்? உமரின் பதில்: ஆமாம், இறைவனின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு. நோய் உள்ள ஊருக்குள் போகாதே, நீ இருக்கும் ஊரில் நோய் வந்தால் வெளியேறாதே என்று நபிகள் சொன்னதாக ஹதீஸும் இருக்கிறது. ஆக, விலகி இருப்பது இந்த மதத்துக்குப் புதுசு இல்லை.

நம்ம டிவி விவாதங்களில் இந்தக் கேள்வி வரவே இல்லை. ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘சதி’ வந்து உட்கார்ந்தது. கவனக்குறைவுக்கு ஒரு நிர்வாகம் பொறுப்பு. சதின்னு சொல்லிட்டா, தெருவில் பழம் விற்கிற முஸ்லிமும் பொறுப்பாகிடறார்.

ஆதாரம்னு என்ன வந்துச்சு? வீடியோக்கள். பழத்தில் எச்சில் தடவுவதாகச் சொல்லப்பட்ட வீடியோ மத்தியப் பிரதேசத்தில் பிப்ரவரியில் எடுத்தது. போலீஸ் மேல் துப்பும் வீடியோ மும்பையைச் சேர்ந்த ஒரு விசாரணைக் கைதியுடையது. நிஜாமுதீனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேண்டுமென்றே தும்முறாங்கன்னு பரவியது, சூஃபிகளின் திக்ர் என்ற வழிபாட்டுமுறை. உண்மை கண்டறியும் தளங்கள் உடனே சொன்னார்கள். ஆனா ஃபார்வர்டு போன தூரத்துக்கு அந்தத் திருத்தம் போகலை.

ஹிமாச்சலில் ஒருவர், கிராமத்தினரின் ஏச்சும் ஒதுக்கலும் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குப் பரிசோதனை முடிவு ‘நெகட்டிவ்’.

இப்போ அந்த எண்ணுக்கு வருவோம். ஏப்ரல் 18 அன்று மத்திய அரசு சொன்னது: மொத்தம் 14,378 தொற்றுகளில் 4,291 இந்தக் கூட்டத்தோடு தொடர்புடையவை, அதாவது சுமார் 30 சதவீதம். தமிழ்நாட்டில் 84 சதவீதம். கேட்டாலே தூக்கிவாரிப் போடுதுல்ல? ஆனா அப்போ யாரைப் பரிசோதித்தோம்? கிட் பற்றாக்குறை. வெளிநாடு போனவர்கள், அவர்களோடு பழகினவர்கள், அடுத்து இந்தக் கூட்டத்துக்குப் போனவர்கள், அவர்கள் குடும்பம். தொற்றுத் தடுப்புக்கு அது சரியான வேலைதான். ஆனா ஒரே இடத்தில் வலை வீசினால், பிடிபட்டதெல்லாம் அந்த இடத்து மீனாகத்தான் இருக்கும். மொத்தக் கடலையும் அது சொல்லாது.

தமிழ்நாடு அரசு ஒரு கட்டத்தில் சுதாரித்தது. நோய்க்கு மதச் சாயம் பூசாதீர்கள் என்று அப்போதைய முதல்வர் பழனிசாமி கேட்டுக்கொண்டார். பிரஸ் மீட்டில் சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் ‘சிங்கிள் சோர்ஸ்’ என்று சொல்ல ஆரம்பித்தார். நல்ல எண்ணம்தான். ஆனா அதுக்குள்ள அந்தச் சொல்லைக் கேட்ட எல்லாருக்கும் யாரைச் சொல்றாங்கன்னு தெரிஞ்சுபோச்சு.

அடுத்த மாசம் கோயம்பேடு. மார்க்கெட்டிலிருந்து கடலூர், விழுப்புரம், அரியலூர்னு தொற்று மாவட்டம் மாவட்டமாகப் போச்சு. யாராவது வியாபாரிகளின் மதத்தையோ சாதியையோ கேட்டோமா? இல்லை. ‘கோயம்பேடு கிளஸ்டர்’னு இடத்தின் பெயரைச் சொன்னோம். அப்படித்தான் சொல்லணும். நிஜாமுதீனுக்கும் அதே மரியாதை கிடைத்திருக்கணும்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லின? 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 29 வெளிநாட்டவர் மீதான வழக்கை ரத்து செய்தது. இவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள், ஊடகங்களில் பெரும் பிரசாரம் நடந்தது என்றது. டிசம்பரில் டெல்லியில் 36 வெளிநாட்டவர் விடுவிக்கப்பட்டார்கள். மர்கஸில் வந்தவர்களைத் தங்கவைத்ததாக 70 இந்தியர்கள் மீது இருந்த 16 வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2025 ஜூலை 17-ல்.

அஞ்சு வருஷம் கழிச்சு. கைது நடந்தப்போ பிரேக்கிங் நியூஸ். விடுதலை வந்தப்போ எத்தனை சேனலில் விவாதம் வெச்சாங்க? நீங்களே இந்தத் தீர்ப்பைப் பற்றி எப்போ கேள்விப்பட்டீங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

செய்தி வேகமா வரும், நீதி மெதுவா வரும். நடுவுல இருக்கிற வருஷங்களில் ஒரு சமூகம் பக்கத்து வீட்டாரின் பார்வையைத் தாங்கிக்கிட்டு வாழணும். அடுத்த நெருக்கடி வரும்போது, குரூப்பில் ஒரு வீடியோ வந்தால் ‘இது எப்போ எடுத்தது?’ன்னு கேளுங்க. ஒரு சதவீதம் வந்தால் ‘எத்தனை பேரை, யாரைச் சோதிச்சதில்?’ன்னு கேளுங்க. குரூப்பில் நாலு பேருக்கு எரிச்சல் வரும். பரவாயில்லை, கேளுங்க.

உங்க கருத்துகளை எழுதி அனுப்புங்க. மாற்றுக் கருத்து இருந்தா அதைக் கண்டிப்பா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.