குத்தகைக்குப் போகும் ஊர்நிலம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நியூயார்க்கில் எழும் ஒரு கால்பந்து மைதானத்தைப் பற்றி மும்பைத் தமிழர் கூட்டத்தில் எதற்குப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். அந்த இடத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டால் அந்த ஐயம் தீர்ந்துவிடும்.

குயின்ஸ் பகுதியில் வில்லெட்ஸ் பாயிண்ட் என்றோர் இடம். 'இரும்பு முக்கோணம்' என்பது அதன் பட்டப்பெயர். அங்கே நெருக்கியடித்துக்கொண்டு கார் பட்டறைகள் இருந்தன: டிங்கரிங், பெயிண்டிங், டயர் வேலை, பழைய உதிரிபாகக் கடைகள். பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள், அதாவது நம்மைப் போன்றவர்கள். உலகத்துப் பணமெல்லாம் புரளும் அந்த நகரம், அந்தப் பேட்டைக்குப் பல பத்தாண்டுகளாகக் கழிவுநீர்க் குழாய் போடவில்லை. மழை பெய்தால் தெருவெல்லாம் குளம். பிறகு, சீரழிந்த இடம் என்று காரணம் காட்டி, 2008-ல் அதை இடித்துப் புதுப்பிக்கும் திட்டத்துக்கு நகர மன்றத்தின் ஒப்புதலையும் வாங்கினார்கள். வசதி செய்து தராதவர்களே வசதியில்லை என்று சொல்லி வெளியேற்றும் இந்த வித்தை நமக்குப் புதிதா தோழர்களே?

நிலச் சொந்தக்காரர்களுக்கு விலை கிடைத்தது. வாடகைக்குப் பட்டறை வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் இடமாற்றத் தொகைதான். அவர்களில் ஒரு பகுதியினர் கூட்டுறவாகச் சேர்ந்து பிராங்க்ஸ் பகுதியில் ஒரு கிடங்கைப் பிடித்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2022 நவம்பரில் மைதானம் அறிவிக்கப்பட்டது; 2024 ஏப்ரலில் மன்றம் ஒப்புதல் தந்தது. 25,000 இருக்கைகள், சுமார் 78 கோடி டாலர் செலவு. கட்டுவது முழுக்கத் தனியார் பணத்தில் என்று பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் நிலம் நகரத்துடையது. அது 49 ஆண்டுக் குத்தகைக்குப் போகிறது. அதற்கு மேலும் நீட்டிக்க வழியுண்டு. தொடக்கத்தில் ஆண்டு வாடகை 5 லட்சம் டாலர், பிறகு படிப்படியாக உயரும். நிலம் நகரத்தின் பெயரில் இருப்பதால் மைதானத்துக்குச் சொத்துவரி கிடையாது. 49 ஆண்டுகளில் அந்த வரிவிலக்கு 51 கோடி டாலருக்கு மேல் வரும் என்று அந்நகரின் சுயேச்சையான வரவுசெலவு அலுவலகமே மதிப்பிட்டது. மைதானத்துக்குரிய கழகத்தின் பெரும்பங்கோ, அபுதாபிப் பணத்தில் இயங்கும் சிட்டி ஃபுட்பால் குழுமத்தின் கையில். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அது இதுதான்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதே திட்டத்தில் எளியோர்க்கு எட்டும் விலையில் 2,500 வீடுகளும், 650 பிள்ளைகள் படிக்கப் பள்ளியும் உண்டு. அவை நல்லவையே. பந்தாட்டத்தின் மீதும் நமக்குப் பகையில்லை. ஆனால் குத்தகை என்பது விற்பனை அல்ல என்று சமாதானம் சொல்கிறார்களே, 25 வயதுத் தொழிலாளிக்கு அந்தக் குத்தகை முடியும்போது 74 வயது. அவனைப் பொறுத்தவரை அது விற்பனைதான்.

நம் ஊரிலும் இதே கதை உண்டு. மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானம் 1914-ல் குத்தகைக்குப் போன அரசு, மாநகராட்சி நிலம். நூறு சதுர அடிக் கோலியில் ஆறு பேர் படுத்துறங்கும் நகரில், 211 ஏக்கர்! குத்தகை 2013-ல் முடிந்தும் முடிவெடுக்கப் பதினொரு ஆண்டுகள் ஆயின. 2024-ல்தான் 120 ஏக்கர் பொதுப் பூங்காவுக்கென்று மாநகராட்சியிடம் வந்தது. 91 ஏக்கர் கிளப்பிடமே நின்றது.

நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழும் தாராவியின் நிலத்திலும் பெரும்பகுதி மாநகராட்சியுடையதே. அங்கே 2022 ஏலத்துக்குப் பின் அமைந்த கம்பெனியில் தனியாருக்கு 80 விழுக்காடு, அரசுக்கு 20. தாராவிக்குள்ளேயே இலவச வீடு யாருக்கு என்பதை 1.1.2000 என்ற ஒரு தேதி முடிவு செய்கிறது.

ஆகவே, எந்த நிலத்துக்கு எந்த ஒப்பந்தம் வந்தாலும் நாம் நான்கு கேள்விகள் கேட்போம். எத்தனை ஆண்டு? வாடகை எவ்வளவு, எப்போது உயரும்? வரி உண்டா? ஏற்கெனவே அங்கே பிழைப்பவர்களுக்கு எங்கே இடம், அது எழுத்தில் இருக்கிறதா?

2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மராத்தி படிக்கும் நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். மைதானத்தின் படத்தைப் பார்த்துக் கைதட்டுமுன் குத்தகைப் பத்திரத்தைப் படிப்போம். கையெழுத்தான பிறகு கூக்குரலிட்டுப் பயனில்லை. கையெழுத்தாகும் முன்பே திரண்டு நின்று கேட்போம்.