உழைப்பறிந்த உடை
(எம்.ரெட்டியபட்டிச் சுற்றூர்த் தமிழன்பர்க்கென அமைந்த உரை)

  

ஆடை, மானங் காக்க வந்தது. வெயிலையும் பனியையும் தாங்க வந்தது. உழைக்கும் உடலுக்கு உற்றதுணையாக வந்தது. இம்மூன்றையும் மறந்து, 'வெள்ளைக்காரன் உடுத்துகின்றான், ஆகவே அஃது உயர்ந்தது' என்று ஓர் உடையை ஏற்பது அடிமை மனம். 'பாட்டன் உடுத்தினான், ஆகவே அதிற் குறையே இல்லை' என்று மற்றோர் உடையைப் போற்றுவது சோம்பல் மனம். இரண்டும் வேண்டா. உழைப்பு என்னும் நிறைகோலில் இட்டு நிறுத்துப் பார்ப்போம் எது உண்மையில் நிறையுடையது என்று!

அவ்வாறு நிறுப்பதற்கு நல்லதோர் எதிர்க்கல் இன்று கிடைத்துள்ளது. மேலைநாடுகளில் ஆடவர் சிலர் காற்சட்டையைக் களைந்துவிட்டுப் 'பணிக் கில்ட்டு' என்னும் இடையுடையை உடுத்தி வருகின்றனர். 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 'யூட்டிலிகில்ட்சு' என்னும் நிறுவனம் இதனைத் தைத்து விற்கத் தொடங்கியது. பின்னர்ப் பலரும் தைத்தனர். தடித்த பருத்தித் துணி, இடையைச் சுற்றி வந்து முன்புறம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இரு தட்டுகள், பின்புறம் அடுக்கடுக்கான மடிப்பு, முழங்காலளவு நீளம், இறுக்கிப் பூட்ட அழுத்து பொத்தான், இடைவார் செருகக் காதுகள், இரு பக்கமும் பெரிய பைகள், சிலவற்றில் சுத்தியலைத் தொங்கவிட ஒரு வளையம். இதுவே அதன் அமைப்பு.

இதனை விரும்புவோர் கூறும் கரணியங்கள் யாவை? காற்றோட்டம் உண்டு, குந்தினாலும் குனிந்தாலும் ஏறினாலும் இறுக்குவதில்லை, வியர்வை தங்கிப் புண் உண்டாக்குவதில்லை என்கின்றனர். பெருமக்களே! பருத்திக்காட்டு வரப்பில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும் எம்.ரெட்டியபட்டி உழவர் ஒருவர் இதனைக் கேட்டால், 'இதைச் சொல்ல ஒரு நிறுவனம் வேண்டுமா?' என்று சிரிக்கமாட்டாரா?

ஆனால் சிரித்துவிட்டுப் போகும் செய்தியன்று இது. கில்ட்டின் வரலாற்றில் தமிழர் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு.

கில்ட்டு, இசுக்காட்லாந்து மலைநாட்டாரின் மரபுடை. தொடக்கத்தில் அது தைத்த உடையன்று. நீண்ட கம்பளித் துணியொன்றை மடித்து இடையில் வாரால் இறுக்கி, எஞ்சியதைத் தோளில் போர்த்திக்கொண்டனர். வேட்டியும் துண்டும் ஒரே துணியாய் இருந்தாற்போன்ற உடை. 1745இல் எழுந்த மலைநாட்டார் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானிய அரசு, மறு ஆண்டே அவ்வுடைக்குத் தடைச்சட்டம் கொணர்ந்தது. உடுத்தியவனுக்கு முதன்முறை ஆறு திங்கள் சிறை. மீண்டும் உடுத்தினால் ஏழாண்டு நாடுகடத்தல். மன்னனின் படையில் சேர்ந்தவனுக்கு மட்டுமே விலக்கு! 1782இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. உடை மீண்டது. எங்கே மீண்டது? திருமணப் பந்தலில் மீண்டது. விழா மேடையில் மீண்டது. படை அணிவகுப்பில் மீண்டது. காட்டிலும் மேட்டிலும் உழைப்பவனின் அன்றாட உடையாக அது மீளவில்லை. பணிக் கில்ட்டு என்பது, விழாவுடையாய் உறைந்துபோன ஒன்றைப் பையும் வாரும் வைத்து மீண்டும் உழைப்புக்கு அழைத்துவரும் முயற்சியே ஆகும்.

தமிழரின் வேட்டி இன்று எந்த வழியில் போகின்றது? எண்ணிப் பாருங்கள்! பொங்கலுக்கு வேட்டி, திருமணத்துக்கு வேட்டி, தேர்தல் மேடைக்கு வேட்டி. மறுநாட் காலையில் மடித்துப் பெட்டியில் வைப்பு. வேட்டியும் விழாவுடையாக உறையத் தொடங்கிவிட்டது.

இனி, இரண்டையும் இந்த வானம் பார்த்த மண்ணில் வைத்து நிறுப்போம்.

பணிக் கில்ட்டின் நிறைகள் மூன்று: அவிழாத கட்டு, பொருள் வைக்கப் பை, வண்டியில் சிக்காத நீளம். அதன் குறைகளும் மூன்று. தடித்த துணியும் பின்மடிப்பும் சேர்ந்து எடை மிகுகின்றது. வியர்வையில் நனைந்தால் எளிதில் உலர்வதில்லை. ஒருவர் இடைக்கு அளந்து தைத்தது மற்றவர்க்கு ஆகாது. உடல் மெலிந்தாலும் பெருத்தாலும் மாற்றித் தைக்கவேண்டும். முழங்காலுக்குக் கீழே மறைப்பில்லை. சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போடுபவரின் கால்களை அது காக்காது.

வேட்டியின் நிறைகளைப் பாருங்கள். நாலுமுழ வேட்டிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் துணி. எட்டுமுழத்துக்கு ஏறத்தாழ 4 மீட்டர். தையல் இல்லை, அளவு இல்லை, தந்தையின் வேட்டியை மகன் உடுத்தலாம். வெயிலில் இறக்கிவிட்டால் கால் மறையும். வேலையில் மடித்துக் கட்டினால் கால் விடுபடும். தார்பாய்ச்சினால் ஏர் பிடிக்கலாம், ஏணி ஏறலாம். ஒரே துணி மூன்று உடை! இரவில் அதுவே போர்வை. துவைத்துக் கொடியில் போட்டால் கரிசல் வெயிலில் விரைந்து உலர்ந்துவிடும். மூட்டித் தைத்த கைலியோ, இன்னும் எளிது. தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் 'சாரம்' என்று வழங்குவதும் அதுவே.

குறை இல்லையா? உண்டு. கட்டு நெகிழும். தொங்கும் முனை ஈருருளியின் சக்கரத்தில் சிக்கலாம். விசைத்தறியின் சுழலும் உறுப்பில் மாட்டினால் உயிருக்கே கேடு. பை இல்லை. இக்குறைகளை முன்னோர் அறியாதவர் அல்லர். அவரவர் வழியில் தீர்வு கண்டனர். பருத்தி எடுக்கும் பெண்டிர் துணியையே மடியாகக் கட்டிக்கொண்டனர். வணிகரும் உழவரும் பை வைத்த அகன்ற பச்சை வாரை இடையில் கட்டினர். வேட்டிக்குள் அணியும் பட்டாபட்டியில் ஆழமான பை வைத்துத் தைத்தனர். அந்த அறிவு முன்னோரோடு நின்றுவிட வேண்டுவதில்லை. பையும் ஒட்டுப்பட்டையும் வைத்த வேட்டிகள் இன்று கடைகளில் விற்கின்றன. அவற்றை எள்ளி நகையாடும் தூயர் சிலர் உளர். பை வைத்ததால் வேட்டியின் தமிழ்மை குன்றிவிடுமா? துணி, துண்டு, அறுவை என்னும் சொற்களெல்லாம் வெட்டுதற் பொருளில் பிறந்தவை. வேட்டியையும் வெட்டு என்னும் வேரோடு இணைத்துக் காண்பது தனித்தமிழ்ச் சொல்லாய்வு மரபு. மதுரையில் அறுவை விற்ற வாணிகர் இளவேட்டனார் கழகக் காலப் புலவராய் இருந்தார். தறியிலிருந்து வெட்டி உடுத்தவன் தமிழன்; வேண்டுமிடத்தில் ஒரு தையல் இட்டுக்கொள்ளவும் அவனுக்குத் தெரியும்.

அடுத்து, மதிப்பு என்னும் செய்தி. 1921ஆம் ஆண்டு செபுதம்பர் 22ஆம் நாள், இங்கிருந்து தொலைவில்லாத மதுரையில்தான் காந்தியடிகள் ஏழை உழவனின் அரையாடையை ஏற்றார். அந்த உடையோடே 1931இல் இலண்டன் அரண்மனைக்கும் சென்றார். விருதுநகரிற் பிறந்த காமராசர், 1954 முதல் 1963 வரை வேட்டியோடே முதலமைச்சராய் ஆட்சி நடத்தினார். அத்தகைய நாட்டில், 2014ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சென்னை உயர்நீதிமன்ற நடுவர் அரிபரந்தாமன், நூல் வெளியீட்டு விழாவொன்றுக்கு வேட்டியுடன் சென்றபோது, சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட்டுக் கழகத்தின் மன்றத்தில் தடுக்கப்பட்டார். வெள்ளையன் போனபின்னும் அவன் வைத்துப்போன வாயிற்காவல் போகவில்லை! அவ்வாண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றம், பொதுவிடங்களில் வேட்டியைத் தடுப்போர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 உருபா வரை தண்டமும் விதிக்கும் சட்டத்தை இயற்றியது. 2019இல் தலைமைச் செயலகப் பணியாளர்க்கான ஆடை ஆணையிலும் வேட்டிக்கு இடம் தரப்பட்டது.

கதவு திறந்தாயிற்று. நுழைவோர் எத்தனை பேர்?

மற்றுமோர் உண்மையையும் இந்த மண்ணில் நின்று மறைக்கலாகாது. வேட்டியின் மானத்தைப் பறித்தவர் வெளியார் மட்டுமல்லர். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985க்கு முன் அடங்கியிருந்த பழைய இராமநாதபுர மாவட்டத்தில், 1930ஆம் ஆண்டு திசம்பரில், ஆதிக்கச் சாதியார் சிலர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடைக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கவோ செருப்பணியவோ கூடாது! 1931 குடிமதிப்புக்குத் தலைமையேற்ற அட்டன் என்னும் அதிகாரி இதனைத் தம் நூலிற் பதிந்துள்ளார். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் துணி இறங்கியதற்காக ஒரு தமிழனை மற்றொரு தமிழன் ஒறுத்த மண் இது. சேப்பாக்கத்துக் கதவை நோக்கிச் சினந்தவர், தம் தெருவின் கதவையும் நோக்கிச் சினக்கவேண்டும். 'என் வேட்டியை மதி' என்று உலகை நோக்கிக் கேட்கும் உரிமை, எல்லாத் தமிழன் வேட்டியையும் மதிப்பவனுக்கே உண்டு. இன்றும் கைலி கட்டிய உழைப்பாளியைக் கண்டு முகஞ்சுளிக்கும் அலுவலகங்களும் கடைகளும் இல்லாமற் போய்விடவில்லை. வெள்ளை வேட்டிக்கு வணக்கம், கட்டம்போட்ட கைலிக்கு விரட்டல் என்றால், அங்கே மதிக்கப்படுவது தமிழுடையன்று, பணமே!

ஆகவே, செய்யவேண்டுவன இவை. அருப்புக்கோட்டை நெசவாளரும் தையற்காரரும் கூடி, கரிசற்காட்டு வேலைக்கென்றே உலர்வு மிக்க துணியில், உறுதியான இடைக்கட்டும் பக்கப்பையும் உடைய பணிவேட்டியைச் செய்து பார்க்கவேண்டும். 1983ஆம் ஆண்டு தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டம், நெசவாளர்க்கு வேலை தந்த திட்டம். அத்தகைய திட்டங்களில் இப்பணிவேட்டிக்கும் இடம் கேட்கவேண்டும். விசைத்தறியருகே தளர்ந்த உடை வேண்டா. அங்கே குட்டையாய் இறுகிய உடையே உயிர்காக்கும். இடமறிந்து உடுத்துவதில் இழிவில்லை. ஆசிரியரும் அலுவலரும் கிழமைக்கு ஒருநாளேனும் வேட்டியோடு பணிக்குச் செல்லவேண்டும். தடுப்பவர்க்குச் சட்டம் இருக்கின்றது. தயங்குபவர்க்கு நாலு பேர் துணை வேண்டும்.

இசுக்காட்லாந்தார் இழந்த அன்றாட உடையை, இருநூறு ஆண்டுகள் கழித்து ஓர் அமெரிக்க நிறுவனம் பை வைத்துத் தைத்து விற்கத் தொடங்கியது. தமிழரின் உடை இன்னும் வரப்பில் நிற்கின்றது, களத்தில் நிற்கின்றது, தறிக்குழியில் அமர்ந்திருக்கின்றது. அதனை இழந்தபின் விலைகொடுத்து வாங்கும் நிலை வரவேண்டா. பெட்டியில் இருக்கும் வேட்டியை எடுங்கள். நாளை வேலைக்கே உடுத்துங்கள்!