ஆமை ஓட்டுக்கும் வலிக்கும்

வழக்கமாக வரியும் வட்டியும் பேசுகிறவன் இன்று ஓர் ஆமையின் கதையோடு வந்திருக்கிறேன்.

பர்மாவில் கடைகள் அரசுடைமையான 1964இல் என் அப்பா கப்பலேறிச் சென்னை வந்தார். அவருடைய தங்கை, கணவர் வீட்டாரோடு ரங்கூனிலேயே தங்கிவிட்டார். அந்த அத்தையை நான் முதன்முதலாகப் பார்த்தது 2019 டிசம்பரில். ஊருக்கு நடுவே மூன்றாம் மாடி வீடு. பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். பேப்பர்காரர் கீழே கிளிப்பில் மாட்டிவிட்டால் மேலிருந்து இழுத்துக்கொள்ளலாம்.

போன இரண்டாம் நாள், அத்தையின் பத்து வயதுப் பேரன் கையிலிருந்த ஆமை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. காதோரம் சிவப்புப் பட்டை உள்ள, கடைகளில் விற்கும் நீர் ஆமை, உள்ளங்கையளவுதான். ஓட்டின் பின் ஓரத்தில் சின்ன விரிசல், ஒரு துளி ரத்தம். பையன் அழவில்லை. "மாமா, செத்துப் போயிடுமா?" என்று மட்டும் கேட்டான்.

அத்தை எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார். "இதைப் பூசு தம்பி. சாயங்காலம் போட்டத்தாங் குளத்துல விட்டுட்டு வந்துருவோம், புண்ணியம்."

போட்டத்தாங் பகோடா ரங்கூன் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்குள்ள குளம் நிறைய ஆமைகள். மக்கள் தீனி வாங்கிப் போடுவார்கள். புண்ணியம் என்று ஆமைகளைக் கொண்டுவந்து விடுவதும் உண்டு.

நான் இரண்டும் வேண்டாம் என்றேன். அப்படிச் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. பல வருடங்களுக்கு முன் என் மகளின் ஆமைக்கு இதேபோல் விரிசல் விட்டபோது, குழாய் ஒழுக்கை அடைக்கும் பசையைப் பிசைந்து அடைத்தவன் நான். மேலே அழகாக மூடியிருந்தது. உள்ளே சீழ் கட்டி மூன்றாம் வாரம் செத்துப்போனது. அதன் பிறகுதான் புத்தகங்களைப் புரட்டினேன், கால்நடை மருத்துவர்களைக் கேட்டேன்.

ஆமையின் ஓடு அது போட்டுக்கொண்ட சட்டை அல்ல. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றானதுதான் ஓடு. மேலே நகம் போன்ற தகடுகள். அதில் ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. தொட்டால் தெரியும், அடிபட்டால் வலிக்கும். எண்ணெய் பூசினால் அழுக்கு ஒட்டும். பசை வைத்தால் கிருமிக்குக் கதவைச் சாத்திக் காவல் வைத்ததாகும்.

ஆகவே செய்தது இவ்வளவுதான். கொதித்து ஆறிய நீரில் கழுவினோம். மருந்துக்கடையில் வாங்கிய போவிடோன் அயோடினை வெளிர் தேநீர் நிறம் வரும்வரை நீரில் கலந்து, பஞ்சால் ஒற்றினோம். சுத்தமான துணி விரித்த பெட்டியில் ஈ மொய்க்காமல் வைத்தோம். காயத்தில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். தினமும் ஒன்று, ஒன்றரை மணி நேரம் மட்டும் சுத்தமான நீரில் விட்டு அங்கேயே தீனி கொடுத்தோம்; இந்த வகை ஆமை நீருக்குள் இருந்தால்தான் விழுங்கும். அதன் உடம்புக்குத் தனிச் சூடு கிடையாது, குளிர்ந்தால் புண் ஆறுவதும் தாமதமாகும். டிசம்பர் இரவில் ரங்கூனும் குளிரும் என்பதால் பெட்டியருகே ஒரு பல்பு எரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைக் கொண்டுவந்தார். ஐவர்மெக்டின்! ஆமைக்கு அது எமன். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். விரிசல் அகலமாக இருந்தாலும், துண்டு ஆடினாலும், நாற்றமோ நீரோ வந்தாலும், பின்காலை இழுத்தாலும் வீட்டு வைத்தியம் கூடாது, மருத்துவரிடம்தான் போகவேண்டும். தொட்ட பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி ஒட்டும். அமெரிக்காவில் 1975இலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டதே சிறுபிள்ளைகளுக்கு அந்தக் கிருமி தொற்றியதால்தான்.

குளத்து விஷயத்தில் அத்தை எளிதில் விடவில்லை. கோயில் குளங்களை நானும் குறை சொல்லமாட்டேன். அழிந்தே போனதாக நினைத்த பர்மியக் கூரை ஆமை, 2000களின் தொடக்கத்தில் மாண்டலேயில் ஒரு கோயில் குளத்தில்தான் உயிரோடு கிடைத்தது. ஆனால் புண்ணோடு இதை நெரிசலில் விட்டால் சீழ் பிடிக்கும். ஆறிய பின் விட்டாலும் உள்ளூர் ஆமைகளின் தீனியையும் இடத்தையும் பிடுங்கும். இதன் பூர்வீகம் அமெரிக்கா என்றேன்.

அத்தை சிரித்துவிட்டார். "அப்ப அதுவும் கப்பல்ல வந்ததா? சரி, வந்த வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டும்."

புறப்படும் நாளில் பையனிடம் ஒரு கணக்கு நோட்டைக் கொடுத்தேன். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் எடை. கீழ்த்தெரு நகைக்கடைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான். முதல் வாரம் 171 கிராம். அடுத்து 168, அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. பிறகு 170, 173.

2020 மார்ச்சில் வந்த பக்கத்தில் 179 என்று இருந்தது. பக்கத்தில் பென்சிலால், "உடைஞ்ச தகடு விழுந்துடுச்சு மாமா, கீழே புதுசு இருக்கு."