பேஸ்மென்டில் ரேடான்



1984 டிசம்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமரிக் அணுமின் நிலையம். அங்கே பொறியாளராக இருந்தவர் ஸ்டான்லி வாட்ராஸ். கதிரியக்கத்தைக் கண்டறியும் கருவியை அவர் கடக்கும்போதெல்லாம் அது அலறியது. நிலையமோ இன்னும் மின்சாரமே தயாரிக்கத் தொடங்கவில்லை. நிலையத்துக்குள் நுழையும்போதே சோதித்துப் பார்த்தார், அப்போதும் அலறியது. அப்படியானால் அவர் கதிரியக்கத்தை வீட்டிலிருந்துதானே கொண்டுவருகிறார்?

வீட்டை அளந்தார்கள். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 2,700 பிக்கோகியூரி ரேடான். 4 இருந்தாலே வீட்டைச் சரிசெய்யச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடியமாகிறது. ரேடியத்திலிருந்து பிறக்கும் வாயு ரேடான். நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெட்டவெளியில் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும். குளிர்நாட்டு வீடுகளில்தான் தொல்லை. ஜன்னலை இறுக அடைத்து உள்ளே சூடேற்றுகிறார்கள். சூடான காற்று மேலே போக, ஸ்டிரா போட்டு இளநீரை உறிஞ்சுவதுபோல வீடு தன் அடியிலுள்ள மண்காற்றை இழுக்கிறது. தரை வெடிப்பும் குழாய் இடுக்கும் போதும், ரேடான் உள்ளே வந்துவிடும். அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா கதிர்களை வீசும். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் ரேடானால் வந்த நுரையீரல் புற்றுநோயில் இறக்கிறார்கள் என்பது அதே முகமையின் மதிப்பீடு. சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

இத்தனை மிரட்டுகிற விஷயத்துக்கு மருந்து ரொம்பச் சாதாரணம். தரைக்கு அடியில் ஒரு குழாய், அதில் ஓயாமல் ஓடும் சிறு மின்விசிறி. மண்காற்றை வீட்டுக்குள் விடாமல் இழுத்துக் கூரைக்கு மேலே தள்ளிவிடும். வெடிப்புகளையும் பூச வேண்டும். ஆனால் பூச்சு மட்டும் போதாது. ஜன்னலைத் திறப்பது அப்போதைக்கு உதவும், பனிக்காலத்தில் யார் திறக்கப்போகிறார்கள்? வாட்ராஸ் குடும்பம்கூட, சீரமைப்பு முடிந்தபின் சில மாதங்களில் அதே வீட்டுக்குத் திரும்பியது.

உங்கள் மகனோ மகளோ அமெரிக்காவிலோ கனடாவிலோ வீடு வாங்கியிருக்கலாம். அடுத்த முறை போனில் பேசும்போது, பேஸ்மென்டில் ரேடான் அளந்தாயிற்றா என்று கேளுங்கள். "பக்கத்து வீட்டில் குறைவாம்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். அடுத்தடுத்த வீடுகளிலேயே அளவு வெகுவாக மாறும். சோதனைக் கருவி கடையிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.