கமரா சொன்ன சாட்சியம்



கொலை செய்தவன் முதலில் அஞ்சுவது நீதிபதிக்கன்று, கண்ட சாட்சிக்கே. சட்டத்துறையிலுள்ள நாம் இதனை நியாயஸ்தலங்களில் நெடுங்காலமாகக் கண்டு வருகின்றோம். மக்கள் வீதியில் இறங்கி நியாயம் கேட்கும் வேளையில் அவ்வாறு கண்ட சாட்சியாக நிற்பவன் பத்திரிகையாளன். அவனைச் சுடுவது ஒரு மனிதனைக் கொல்வது மாத்திரமன்று, வழக்கையே கொல்வதாகும். இன்று மியன்மார் எனப்படும் பர்மாவில் நிகழ்ந்ததொன்று இதற்குச் சான்று.

2007 ஆகஸ்ட் மாதத்தில் அந்நாட்டு இராணுவ ஆட்சியினர் முன்னறிவித்தல் எதுவுமின்றி எரிபொருள் விலையை உயர்த்தினர். டீசல் விலை இருமடங்காயிற்று. பஸ் வண்டிகளுக்கான எரிவாயுவின் விலை ஐந்து மடங்காயிற்று. இதனால் நெல்மூடைக்கு வண்டிக்கூலி என்னவாகும், உழைப்பவன் வீட்டு உலை என்னவாகும் என்பதைக் கமக்காரராகிய உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மக்கள் ஊர்வலம் சென்றனர். செப்டெம்பர் 5ஆந் திகதி பக்கோக்கு நகரில் பௌத்த பிக்குகள் தாக்கப்பட்டனர். அதன்பின் பிக்குகள் ஆயிரமாயிரமாக வீதிக்கு வந்தனர். செப்டெம்பர் 26ஆந் திகதி அடக்குமுறை தொடங்கிற்று.

மறுநாள், இரங்கூனில் சூலே தாதுகோபத்தின் அருகே, யப்பானியப் பத்திரிகையாளர் கென்ஜி நாகாய் சுடப்பட்டு இறந்தார். அவருக்கு வயது 50. தரையில் வீழ்ந்த பின்னரும் அவருடைய கை கமராவை உயர்த்திப் பிடித்திருந்த காட்சியை மற்றொரு புகைப்படக்காரர் படமெடுத்தார். அப்படத்துக்கு 2008இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இராணுவ ஆட்சியினர் இதனைத் தற்செயலான மரணம் என்றனர். ஆனால் போர்வீரனொருவன் மிக அருகில் நின்று சுட்டதையே உலகம் கண்ட ஒளிப்படக் காட்சி உணர்த்திற்று. எவரும் தமது வழக்குக்குத் தாமே நீதிபதியாதல் ஆகாது என்பது சட்டத்தின் அரிச்சுவடி. அங்கேயோ, சுட்டவர்களே விசாரணையாளர், சுட்டவர்களே தீர்ப்பாளர். வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சலுக்குக் கணக்குச் சொல்பவர் யார்? நாகாயின் உடல் யப்பானுக்கு அனுப்பப்பட்டது; கமரா அனுப்பப்படவில்லை. குடும்பத்தினர் கேட்டுக்கொண்டே இருந்தனர்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2023 ஏப்ரல் மாதத்தில், பர்மிய செய்தியாளர்களின் முயற்சியால் அக்கமரா பாங்கொக் நகரில் அவருடைய சகோதரியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒளிநாடா உள்ளேயே இருந்தது. தாதுகோபத்தின் முன் கூடிய மக்களையும், ஆயுதந் தாங்கிய படையினர் லொறிகளில் வந்திறங்குவதையும் அவர் பதிவு செய்திருந்தார். சுடப்பட்ட கணம் அதில் இல்லை. எனினும், ஒரு செய்தியாளர் தமது கடமையைச் செய்துகொண்டு நின்றார் என்பதை அது ஐயந்திரிபற நிலைநாட்டிற்று. சாட்சி இறந்தான்; சாட்சியம் இறக்கவில்லை.

ஆனால், அன்பர்களே, சாட்சியம் மட்டும் நீதியாகிவிடாது. கமரா திரும்பி வந்தபோதுகூட, அக்கொலைக்காக ஒருவர்தானும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை. தண்டிக்கப்படாத குற்றம் விதைநெல்லைப் போன்றது. அடுத்த போகத்தில் மீண்டும் முளைக்கும். 2021 பெப்ரவரியில் இராணுவம் மறுபடியும் ஆட்சியைக் கைப்பற்றிற்று. அவ்வாண்டு டிசம்பர் 10ஆந் திகதி, மக்களின் மௌன வேலைநிறுத்தத்தைப் படமெடுத்த சோ நைங் என்ற புகைப்படக்காரர் கைது செய்யப்பட்டார். நான்கு நாட்களில் அவர் தடுப்புக்காவலில் இறந்தார்.

ஆதலால் நாம் வேண்டுவன மூன்று. பத்திரிகையாளர் கொலையைச் சுட்டவர்களின் கையில் இல்லாத மன்றமொன்று விசாரித்தல் வேண்டும். இறந்தவரின் கருவியும் பதிவும் குடும்பத்திடம் தாமதமின்றிச் சேர்தல் வேண்டும். காலங் கடந்தமை கொலைக்கு மன்னிப்பாதல் கூடாது. இவற்றைக் கேட்பது சட்டத்தரணிகளின் தொழில் மாத்திரமன்று. நமக்காகப் பார்த்தவனின் கண் மூடப்பட்டபின், அவன் கண்டதைக் காத்து வைப்பது நம் எல்லோரதும் கடமையாகும்.