சாந்தோமில் ஒரு வினா

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு எங்கள் முதுகலை மாணவியரை மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்றேன். பேயாழ்வார் அவதரித்த ஊர்; ஆண்டாளின் ஊர்க்காரிக்கு அங்கே உரிமை உண்டு என்னும் செருக்கோடுதான் போனேன். கபாலீசுவரரை வணங்கிவிட்டுப் பழைய தெருக்கள் வழியே சாந்தோம் பேராலயத்துக்கு நடந்தோம். 192 அடிக் கோபுரத்தின் நிழலில் வாழும் நமக்கு 155 அடி பெரிதன்று. ஆயினும் கடலோர வெயிலில் அந்த வெண்ணிறக் கூர்கோபுரத்தைக் கண்டபோது எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை எனப் போற்றப்படும் இடம் அது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இதனைக் குறித்துள்ளார். கிறித்தவரோடு இசுலாமியரும் அங்கே வழிபட வந்தனர் என்றும், அவ்விடத்து மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொண்டனர் என்றும் அவர் எழுதுகிறார். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அங்கு ஆலயம் எழுப்பினர். 1545இல் பிரான்சிசு சவேரியார் மயிலையில் தங்கினார். இன்று நாம் காணும் கட்டடம் 1896இல் நிறைவுற்றது.

கல்லறையின் முன் முழந்தாளிட்டு எழுந்த மாணவி ஒருத்தி, கிறித்தவப் பெண், வெளியே வந்ததும் கேட்டாள்: “அம்மா, பழைய கபாலீசுவரர் கோயில் இங்கேதான் இருந்தது என்கிறார்களே, உண்மையா?”

“பேருந்துக்கு நேரமாயிற்று” என்றேன். முனைவர் பட்டம் பெற்றவள் சொன்ன விடை அது! அவள் மனம் நோகக்கூடாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். உண்மையில் அஞ்சியவள் நானே. தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றவர் தோமையார். அவருடைய வாசலிலேயே ஓர் ஐயத்துக்கு அஞ்சி ஓடினேன்.

ஊர் திரும்பியபின் வகுப்பில் சம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தை எடுத்துக்கொண்டேன். மயிலையின் விழாக்களை அடுக்கிச் சொல்லும் அப்பதிகத்தில் மாசிக் கடலாட்டும் வருகிறது. அருணகிரிநாதரும் மயிலையைக் கடற்கரைத் தலமாகவே பாடுகிறார். இன்றைய கோயிலில் நின்றால் கடல் தெரியாது. சாந்தோம் பகுதியில் பழைய கோயிற் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளன. கடலோரத்திருந்த கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. கோயில் நின்ற இடத்தை அடி பிசகாமல் காட்ட அச்சான்றுகள் போதா என்பதையும் சொன்னேன்.

அழிவை மறைப்பது ஆசிரியர் தொழிலன்று. அதே வேளையில், 400 ஆண்டுக்கு முந்தைய செயலுக்கு இன்று முழந்தாளிடும் பெண்ணைப் பொறுப்பாக்குவதும் அறமன்று. இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்ல முடியுமா என்று தயங்கினேன், சொல்ல முடிந்தது.

அவள் வெகுநேரம் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அந்தத் துண்டுகளை நான் பார்க்க வேண்டும், அம்மா” என்றாள். அதன்பின் மயிலையைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறாள். அடுத்த மாதக் கூட்டத்தில் இங்கே வாசிக்க வருகிறாள். சில அடிகளில் தளை தட்டுகிறது. திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள். வந்து கேளுங்கள்.